சீட்டை ஸ்கேனருக்குள் விடும் முன்: அமெரிக்காவில் முதல் முறை ஓட்டுப் போடும் தமிழர்களுக்கு

நம் ஊரில் ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு ‘பீப்’ சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று பொருள். பட்டனை அழுத்துகிறோம், சிவப்பு விளக்கு எரிகிறது, பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 வினாடி தெரிந்து உள்ளே விழுகிறது, நீளமாக ஒரு பீப், கிளம்பிவிடலாம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் முறை ஓட்டுப் போடப் போன அன்று எனக்கும் பீப் கேட்டது. வட்டங்களைக் கறுத்த காகித ஓட்டுச் சீட்டை எண்ணும் ஸ்கேனர் உள்ளே இழுத்தது, சத்தம் வந்தது, திரையில் ஏதோ நாலு வரியும் கீழே இரண்டு பட்டனும் தெரிந்தன. பின்னால் வரிசை நின்றது. படிக்காமலேயே பச்சைப் பட்டனைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். பள்ளி வாரியத்துக்கு 2 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் 3 பேருக்குக் கறுத்திருக்கிறேன், மெஷின் அதைத்தான் சொல்லி, திருத்திக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வழிமுறைத் தாளை நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. என் மகள் படிக்கிற பள்ளிக்கான ஓட்டு அது. இன்றுவரை மனசு ஆறவில்லை.

உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஒரே மாநிலத்தில் கவுண்டிக்குக் கவுண்டி மெஷின்கூட மாறும். அதனால் எல்லா இடத்துக்கும் பொருந்துவதைச் சொல்லிவிட்டு, மாறுகிற இடங்களில் மாநிலத்தின் பெயரோடு சொல்கிறேன்.

1. பதிவு: உறுதிமொழி எடுத்த பிறகுதான், ஒரு நாள்கூட முன்னால் கிடையாது

குடியுரிமை நேர்காணலில் தேறிவிட்டீர்கள், ஆனால் உறுதிமொழி விழா இன்னும் நடக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் கிரீன் கார்டுக்காரர்தான். அந்த இடைவெளியில் வாக்காளராகப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது கவுண்டரில் “வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டுமா” என்று ஒரு கேள்வி வரும், சில இடங்களில் திரையில் வரும். நாம் பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ அழுத்திக்கொண்டே போவோம். குடிமகன் இல்லாதவர் குடிமகன் என்று எழுதிக் கொடுப்பது குடியுரிமையையே தடுக்கும், நாடு கடத்தும் அளவுக்குக்கூடப் போகும். வீட்டில் யாராவது கிரீன் கார்டிலோ ஹெச்1பியிலோ இருந்தால் இதை இன்றே சொல்லி வையுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உறுதிமொழி முடிந்த அன்றே பதிவு செய்துவிடலாம், சில விழாக்களில் அங்கேயே படிவம் கொடுப்பார்கள். இல்லையென்றால் மாநிலத்தின் தேர்தல் இணையதளம் இருக்கிறது, தபால் படிவம் இருக்கிறது. கட்டணம் ஒன்றும் இல்லை. தபாலில் அனுப்பினால் ஸ்டாம்ப் செலவு, அவ்வளவே. பதிவுக்குப் பணம் கேட்கிற எந்தத் தளமும் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

கடைசித் தேதிதான் நம்மை மாட்டிவிடும். பொதுத் தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, 2026-இல் அது நவம்பர் 3. டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். நியூஜெர்சியில் 21 நாள், நியூயார்க்கில் 10 நாள். மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற இடங்களில் தேர்தல் அன்றேகூடப் பதிவு செய்யலாம், ஆனால் அதற்கு முகவரிச் சான்று கையில் வேண்டும். பக்கத்து மாநிலத்தில் இருக்கிற நண்பர் சொன்ன தேதியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலிலும் (ப்ரைமரி) ஓட்டுப் போட ஆசை இருந்தால் படிவத்தில் கட்சிப் பெயர் கேட்கும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். நியூயார்க்கில் கட்சியில் பதிந்தவர்தான் அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட முடியும்.

2. பெயர்: நம்மவர்களுக்கு மட்டுமே வருகிற தலைவலி

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக இருந்தது, பாஸ்போர்ட்டில் விரிந்தது, விசாவில் இடம் மாறியது, லைசென்ஸில் இரண்டும் ஒட்டிக்கொண்டது. சிலருக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று நிற்கும். குடியுரிமை வாங்கும்போது பலர் இதைச் சரிசெய்துகொள்கிறார்கள், நல்லதுதான், ஆனால் சான்றிதழில் ஒரு பெயரும் லைசென்ஸில் பழைய பெயரும் இருக்கும்போது பதிவு செய்தால் மாட்டிக்கொள்வோம். படிவத்தில் நீங்கள் எழுதும் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி 4 இலக்கத்தையோ அரசின் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பெயர் பொருந்தாவிட்டால் பதிவு தொங்கலாம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: சான்றிதழ் கைக்கு வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பெயரையும் குடியுரிமை நிலையையும் மாற்றுங்கள், அடுத்து லைசென்ஸ், அப்புறம் வாக்காளர் பதிவு. அதற்குள் கடைசித் தேதி வந்துவிடும் போலிருந்தால் காத்திருக்காதீர்கள், கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சான்றிதழைக் காட்டி, எந்தப் பெயரில் பதிவது என்று கேட்டுச் செய்யுங்கள்.

பதிவு செய்து 2 வாரம் கழித்து, மாநிலத் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் மாற்றிப் போட்டும் தேடுங்கள். அன்றைக்குச் சாவடி மேஜையில் இருக்கும் ஊழியரும் உங்களை இதே வரிசையில்தான் தேடப்போகிறார், பட்டியலில் எப்படி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

3. மாதிரிச் சீட்டை வீட்டிலேயே பாருங்கள்

இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். நம் ஊரில் ஒரு தேர்தலுக்கு ஒரு ஓட்டு, மிஞ்சிப்போனால் உள்ளாட்சியில் மூன்று நான்கு. இங்கே ஒரே சீட்டில் அதிபரோ செனட்டரோ தொடங்கி, மாநில அவை, கவுண்டி அதிகாரிகள், பல மாநிலங்களில் நீதிபதிகள், பள்ளி வாரியம், அதற்குக் கீழே வரி உயர்த்தலாமா கடன் வாங்கலாமா என்று ஆம்/இல்லை கேள்விகள் என முன்னும் பின்னும் ஓடும். சாவடியில் நின்றுகொண்டு முதல் முறையாக அதைப் படித்தால் தலை சுற்றும். மாதிரிச் சீட்டு கவுண்டித் தளத்தில் இருக்கும், சில இடங்களில் தபாலிலேயே வரும். தமிழில் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அச்சிட்டு, யாருக்கு என்று அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தாளாக உள்ளே எடுத்துப்போவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. போனைத்தான் தடுப்பார்கள். டெக்சாஸில் ஓட்டுப் போடும் இடத்திலிருந்து 100 அடிக்குள் போனைப் பயன்படுத்தவே கூடாது. நியூயார்க், இல்லினாய் மாநிலங்களில் குறித்த சீட்டைப் படம் எடுத்துக் காட்டுவது சட்டப்படி குற்றம். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ‘ஓட்டுப் போட்டேன்’ ஸ்டிக்கர் படம் போதும், சீட்டுப் படம் வேண்டாம்.

அதே தளத்தில் உங்கள் சாவடி எது, எந்த நேரம் என்பதையும் பார்த்துவிடுங்கள். நியூயார்க்கில் காலை 6 முதல் இரவு 9 வரை, கலிஃபோர்னியாவில் 7 முதல் 8 வரை, டெக்சாஸில் 7 முதல் 7 வரை. மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நின்றுவிட்டால் உங்களுக்கு ஓட்டு உண்டு, யார் சொன்னாலும் வரிசையை விட்டு நகராதீர்கள். முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் உங்கள் மாநிலத்தில் இருந்தால், முதல் முறைக்காரர்கள் அப்போதே போங்கள். கூட்டம் குறைவு, கேள்வி கேட்க நேரம் இருக்கும், ஏதாவது ஆவணம் குறைந்தால் மறுநாள் வரலாம். அலுவலகத்தில் அனுமதி கேட்கவும் தயங்க வேண்டாம், வேலை நேரத்துக்கு வெளியே போதிய அவகாசம் இல்லாதவர்களுக்கு நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் சம்பளத்தோடு 2 மணி நேரம் வரை தர வேண்டும், முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

4. கையில் என்ன இருக்க வேண்டும்

டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் புகைப்பட அடையாளம் கட்டாயம். லைசென்ஸ் அல்லது அமெரிக்க பாஸ்போர்ட் போதும். ஓட்டுக்காக மட்டும் 165 டாலர் கொடுத்து பாஸ்போர்ட் எடுக்கத் தேவையில்லை, எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கு இந்த மாநிலங்கள் இலவசமாகவே வாக்காளர் அடையாள அட்டை தருகின்றன. அடையாளம் கேட்காத மாநிலங்களும் உண்டு, ஆனாலும் முதல் முறை போகிறவர்கள் எடுத்துப்போவதே நல்லது. தபாலில் பதிந்து, உங்கள் எண்ணை அவர்களால் சரிபார்க்க முடியாமல் போயிருந்தால், முதல் முறை எந்த மாநிலமாக இருந்தாலும் சான்று கேட்பார்கள். புகைப்பட அட்டை, அல்லது பெயரும் முகவரியும் உள்ள கரண்ட் பில், வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு இவற்றில் ஒன்று.

குடியுரிமைச் சான்றிதழின் அசலை வேறு வழியே இல்லாவிட்டால் தவிர வெளியே எடுக்காதீர்கள். தொலைந்தால் மறுபடி வாங்க 500 டாலருக்கு மேல் ஆகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

இன்னொன்று, கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ உள்ள டி-ஷர்ட், தொப்பி எதுவும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பல மாநிலங்களில் உள்ளே விட மாட்டார்கள்.

5. மேஜையில்

பெயர், முகவரி சொல்லுங்கள், டேப்லெட்டிலோ காகிதத்திலோ கையெழுத்துப் போடுங்கள், சீட்டைக் கொடுப்பார்கள். விரலில் மை கிடையாது. சீட்டோடு ஒரு அட்டை உறை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறைத்து எடுத்துப்போகத்தான் அது. சீட்டு உங்கள் பகுதிக்கு உரியதா என்று மேலே உள்ள வரியை ஒரு முறை பாருங்கள். ஸ்கேனரில் விட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

சில மாநிலங்களில் காகிதச் சீட்டுக்குப் பதில் தொடுதிரை இருக்கும். தென் கரோலினாவில் அப்படித்தான், திரையில் தேர்ந்தெடுத்தால் ஒரு தாள் அச்சாகி வரும், அதை ஸ்கேனரில் போட வேண்டும். திரையில் சரியாகத்தானே தொட்டோம் என்று இருந்துவிடாமல், தாளில் அச்சாகியிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

6. சீட்டை நிரப்புவது

பெயருக்குப் பக்கத்தில் சிறு நீள்வட்டம் இருக்கும். அதை முழுவதும் கறுக்க வேண்டும், நாம் நுழைவுத் தேர்வுகளில் ஓஎம்ஆர் தாளில் செய்தது போலவே. டிக் போடாதீர்கள், பெருக்கல் குறி போடாதீர்கள், பெயரைச் சுற்றி வட்டம் போடாதீர்கள். அங்கேயே வைத்திருக்கும் பேனாவைப் பயன்படுத்துங்கள். சொந்தப் பேனாவில் மை ஈரமாக இருந்தால் ஈஷிக்கொண்டு பக்கத்து வட்டத்தில் கறை விழும், சிவப்பு மையைச் சில மெஷின்கள் படிக்கவே படிக்காது.

ஒவ்வொரு பதவிக்கும் மேலே எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். ஒருவர், அல்லது 2 பேருக்கு மிகாமல், அல்லது 3. என் தவறு இந்த இடத்தில்தான். மேலே எல்லாம் ஒருவர் ஒருவர் என்று வந்து, பள்ளி வாரியத்தில் எண்ணிக்கை மாறியது, வலது பக்கப் பத்தியிலும் பெயர்கள் தொடர்ந்ததால் அதை வேறு பதவி என்று நினைத்து இன்னொருவரையும் கறுத்துவிட்டேன். பதவியின் தலைப்புக்கும் அடுத்த தலைப்புக்கும் நடுவில் உள்ளது எல்லாம் ஒரே பதவிதான், பத்தி மாறினாலும். குறைவாகக் கறுக்கலாம், விட்டும்விடலாம், அதனால் மற்ற ஓட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று கூடினால் அந்தப் பதவிக்கான உங்கள் ஓட்டு முழுவதும் போயிற்று.

மிச்சிகன், அலபாமா போன்ற சில மாநிலங்களில் மேலே ஒரே வட்டத்தில் கட்சியைக் கறுத்தால் அந்தக் கட்சி வேட்பாளர் எல்லோருக்கும் போய்விடும். நீதிபதி, பள்ளி வாரியம், ஆம்/இல்லை கேள்விகள் அதில் அடங்காதவையாக இருக்கலாம், ஆகவே கீழே வரை வாருங்கள். பிறகு தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

பட்டியலில் இல்லாத பெயரை எழுத விரும்பினால் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அதன் பக்கத்து வட்டத்தையும் கறுக்க வேண்டும்.

தப்பாகக் கறுத்துவிட்டால் அடிக்காதீர்கள், சுரண்டாதீர்கள், அம்புக்குறி போட்டு விளக்கம் எழுதாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு ஊழியரிடம் போய் “தப்பு செய்துவிட்டேன், வேறு சீட்டு வேண்டும்” என்று சொல்லுங்கள். பழையதைச் செல்லாததாக்கிவிட்டுப் புதியது கொடுப்பார்கள். நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்களில் மொத்தம் 3 சீட்டு வரை வாங்கலாம். காசு கிடையாது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், இது உங்கள் உரிமை.

7. ஸ்கேனர் முன்னால்: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒரு குப்பைத் தொட்டி உயரத்துப் பெட்டி, மேலே சிறு திரை, வாய் போல ஒரு இடைவெளி. சீட்டை மடிக்காமல் உள்ளே விடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும், எந்த முனை முதலில் போனாலும் படித்துவிடும், எனவே சீட்டைக் கவிழ்த்துப் போடலாம், யார் கண்ணிலும் படாது. அதுவே இழுத்துக்கொள்ளும், தள்ளாதீர்கள். இரண்டு தாள் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றாக விடுங்கள், முதல் தாள் முடிந்தது என்று திரை சொன்ன பிறகு இரண்டாவது.

இப்போது திரையைப் படியுங்கள். சத்தத்தை நம்பாதீர்கள், சில மெஷின் ஏற்றுக்கொண்டாலும் ஒலி எழுப்பும், தப்பு இருந்தாலும் எழுப்பும். ஏற்றுக்கொண்டது என்றால் ‘பேலட் கவுன்ட்டட்’ என்றோ ‘பேலட் காஸ்ட்’ என்றோ வரும், திரையின் மூலையில் உள்ள மொத்த எண்ணிக்கை ஒன்று கூடும். அதைப் பார்த்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும்.

‘ஓவர்வோட்’ என்று வந்தால் ஏதோ ஒரு பதவியில் கூடுதலாகக் கறுத்திருக்கிறீர்கள், எந்தப் பதவி என்றும் பெரும்பாலும் காட்டும். ‘ரிட்டர்ன்’ என்பதைத் தொட்டால் சீட்டு திரும்பி வரும், அதை ஒப்படைத்துப் புதுச் சீட்டு வாங்கலாம். ‘காஸ்ட்’ என்பதைத் தொட்டால் அந்தப் பதவியை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணிக்கொள்ளும், அதற்குப் பிறகு திரும்ப எடுக்க வழியே இல்லை. பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, ஊழியர் பொறுமையில்லாமல் பார்த்தாலும் சரி, ரிட்டர்ன் கொடுங்கள். இந்த எச்சரிக்கையும் இரண்டாவது வாய்ப்பும் 2002-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தேர்தல் சட்டத்தில் வாக்காளருக்காகவே எழுதி வைக்கப்பட்டவை.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லித் தரவில்லை. கூடினால் மெஷின் கத்தும், குறைந்தால் பல இடங்களில் கத்தாது. நீங்கள் லேசாக டிக் போட்டு அது கண்ணுக்குப் படாமல் போனால், அந்தப் பதவியை நீங்களே வேண்டாமென்று விட்டுவிட்டதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். சீட்டு முழுவதும் வெறுமையாகத் தெரிந்தால் மட்டும் ‘பிளாங்க் பேலட்’ என்று நிறுத்தும். அதனால்தான் முழுவதும் கறுக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யாருக்குப் போட்டீர்கள் என்று பொதுவாகத் திரையில் காட்டாது, ரசீதும் வராது. ‘அந்தக் கண்ணாடிச் சீட்டு இங்கே இல்லையே’ என்று மனம் தேடும். உங்கள் கையால் கறுத்த தாளே அந்தச் சாட்சி, அது கீழே பூட்டிய பெட்டியில் விழுந்திருக்கிறது, மறு எண்ணிக்கை வந்தால் அதைத்தான் எடுப்பார்கள்.

8. மெஷின் வேலை செய்யவில்லையென்றால்

தாள் சிக்கும், திரை உறையும், நடக்கிறதுதான். பெட்டியிலேயே பூட்டிய அவசரகால அறை ஒன்று இருக்கும், அதில் சீட்டைப் போடச் சொல்வார்கள், பிறகு எண்ணப்படும். அது முறையான வழிதான், பயப்பட வேண்டாம். மெஷின் சரியாகும் வரை காத்திருந்து நானே போடுகிறேன் என்றும் கேட்டுப் பார்க்கலாம், நேரம் இருந்தால் நான் அதையே செய்வேன், ஏனென்றால் அவசர அறையில் போட்டால் ஓவர்வோட் எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. சீட்டை ஊழியர் கையில் கொடுத்துவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள். பெட்டிக்குள் போவதைக் கண்ணால் பாருங்கள்.

தபாலில் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் இதே கதை. நீங்கள் இல்லாத நேரத்தில் ஸ்கேனர் படிக்கும், எச்சரிக்க ஆள் இருக்காது. உறையின் மேல் கையெழுத்தும் லைசென்ஸில் உள்ளது மாதிரியே இருக்கட்டும், ஒரு இடத்தில் தமிழிலும் இன்னொரு இடத்தில் ஆங்கிலத்திலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதில் சிக்கிக்கொள்வார்கள்.

9. பட்டியலில் பெயர் இல்லை என்றால்

திரும்பிப் போகாதீர்கள். முதலில் பெயரை மாற்றிப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பிறகு இது சரியான சாவடிதானா என்று கேளுங்கள். இரண்டும் ஆகவில்லையென்றால் ‘ப்ரொவிஷனல் பேலட்’ கேளுங்கள், தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணும் தற்காலிகச் சீட்டு அது. பெரும்பாலான மாநிலங்களில், தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அதை ஸ்கேனரில் போடக் கூடாது, உறையில் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாததால் கொடுத்தது என்றால், டெக்சாஸில் 6 நாளுக்குள், ஜார்ஜியாவில் 3 நாளுக்குள் கவுண்டி அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினால்தான் எண்ணுவார்கள். கொடுக்கிற துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் ஓட்டு எண்ணப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று பிறகு இலவசமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

10. அம்மா, அப்பாவை அழைத்துப்போகிறவர்களுக்கு

குடியுரிமை வாங்கிய பெற்றோருக்கு ஆங்கிலம் படிக்க வராது, அல்லது கண் சரியில்லை என்றால், நீங்கள் கூடவே போய் உதவலாம். சட்டம் அனுமதிக்கிறது. அவர்களுடைய முதலாளியோ தொழிற்சங்கத்து ஆளோ மட்டும் உதவக் கூடாது. மேஜையிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு படிவத்தில் உங்கள் பெயரும் கையெழுத்தும் கேட்பார்கள், சில மாநிலங்களில் உறுதிமொழியும் உண்டு. காதில் ஒலி கேட்டுத் தேர்ந்தெடுக்கும் மெஷின் ஒன்றும் ஒவ்வொரு சாவடியிலும் இருக்கும், தனியாகப் போட விரும்பும் பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கு அதைக் கேளுங்கள்.

உதவும்போது பெயர்களைப் படித்துச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதைக் கறுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஸ்கேனரில் விடும்போது மட்டும் சீட்டை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். திரையில் எண் கூடுவதை அவர்களே பார்க்கட்டும்.